பதினோரு வீடுகளில் உலகநாதன்

இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உலகநாதன் என்கிற ஒரே கொத்தனார், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் தாலுகாக்களில் எட்டு வீடுகளில் ஒரே நேரத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். அவற்றில் ஏழு வீடுகள் விற்றாகி, ஆட்கள் குடிவந்து, பால் காய்ச்சி, கேபிள் கனெக்‌ஷன்கூட வாங்கிவிட்டவை. எட்டாவது வீட்டில் செய்த வேலைக்கு மட்டும்தான் அவருக்குச் சம்பளம். நம்பாதவர்கள் இன்றைக்கும் ஏம்பலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குப் பழகிவிட்டது. பார்த்துவிட்டு வந்து என்னிடம் எப்படி என்று கேட்க வேண்டாம். எப்படி என்பது எனக்குத் தெரியாது. ஏன் என்பது தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தணிகைவேல் செலியமேட்டுக்காரர். அப்பா விட்டுப்போன கரும்புக் கொல்லையை விற்றுவிட்டு, பழைய வீடுகளை வாங்கிச் சரிபண்ணி விற்கிற தொழிலில் இறங்கினார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் அது. ஃப்ளிப்பிங் என்று பேர் சொல்வார். அதற்குத் தோதான வீடுகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் கட்டிய வீடுகள் உண்டு. பேரப்பிள்ளைகள் பாரீசில் இருந்துகொண்டு, யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்பார்கள். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாமல் பூட்டிக்கிடக்கிற வீடுகள் உண்டு. முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, சுவரெல்லாம் உப்புப் பூத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்கும். தணிகைவேல் அதை வாங்கி, உப்பைக் கொத்தி எடுத்து, பூசி, டைல்ஸ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, முன்னால் ஒரு கேட் மாட்டி, ஒரு வருஷத்துக்குள் சென்னைக்காரருக்கோ டவுன்காரருக்கோ கொடுத்துவிடுவார். தப்பான தொழில் என்று யாரும் சொல்ல முடியாது. இடிந்து விழ இருந்த வீடுகளில் இன்றைக்கு விளக்கு எரிகிறது என்றால் அது அவரால்தான்.

முதல் இரண்டு வீடுகளைக் காண்ட்ராக்டுக்குத்தான் விட்டார். காண்ட்ராக்டில் உள்ள சௌகரியம், வேலை இருந்தால் கூப்பிடலாம், இல்லாவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அசௌகரியம், கூப்பிட்டால் அவர்கள் வர வேண்டும். ஒடியம்பட்டு வீட்டில் பாத்ரூமை உடைத்துப் போட்டுவிட்டுப் போன மேஸ்திரி, நாற்பது நாள் கழித்து வேறு யாரோ ஒருவருடைய வேலையில் இருந்து நேராக வந்து, எங்கே விட்டேன் என்று கேட்டார். போட்ட டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் பத்துக்கு ஆறு உள்ளே காலி. அடுத்த வீட்டில் பூச்சு ஒரு காண்ட்ராக்ட், ஒயரிங் இன்னொரு காண்ட்ராக்ட். பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்த மறுநாள் ஒயரிங்காரர் வந்து சுவரைக் கோடு கோடாக வெட்டினார். “எனக்கு இன்னிக்குத்தானே டேட்டு குடுத்தீங்க” என்றார். அவர் சொன்னதும் சரிதான். தணிகைவேல் அன்று மதியம் சாப்பிடாமல் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, இனிமேல் சொந்த ஆள்தான் என்று முடிவெடுத்தார்.

சொந்த ஆள் வைப்பதில் வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், ஆளைச் சும்மா உட்கார வைக்க முடியாது. ஒரு வீடு முடிவதற்குள் இன்னொரு வீடு வாங்கியாக வேண்டும். வீட்டுக்காக ஆள் வைத்தது போய், ஆளுக்காக வீடு வாங்குகிற நிலைமை வந்துவிடும். தணிகைவேலுக்கு அது முதலில் விளங்கவில்லை. ஆறு பேரைச் சேர்த்து ஒரு செட்டு வைத்தார். முதல் வீடு முடிந்ததும் ஐந்து பேர், வேறு இடத்தில் நாள்கூலி கூட வருகிறது என்று கழன்றுகொண்டார்கள். நின்றது உலகநாதன் ஒருவர்தான். அதற்கப்புறம் ஆசாரி, எலக்ட்ரீஷியன், சித்தாள் எல்லாரும் வந்துபோகிறவர்கள். சொந்த ஆள் என்றால் உலகநாதன். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, அவரும் செலியமேடுதான், தணிகைவேல் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. மனைவி புவனேஸ்வரிக்குக் காட்டுக்குப்பத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே பெண், அருள்மொழி, அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓதம் ஏறிய சுவரை உலகநாதன் விரல் கணுவால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, எதுவரைக்கும் கொத்த வேண்டும் என்று சாக்பீசால் கோடு போடுவார். அவர் பூசிய சுவரில் உப்பு மறுபடி வந்ததாக இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு முறை உண்டு. வேலை முடிகிற அன்று வீட்டுக்காரர் ஒரு வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொத்தனார் கையில் கொடுக்க வேண்டும். கொத்தனார் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வீட்டுக் குழாயிலேயே பூசுகிற கரணையைக் கழுவி, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிடுவார். அதோடு அந்த வீட்டுக்கும் அவருக்கும் உள்ள பாக்கி தீர்ந்தது. காண்ட்ராக்ட் மேஸ்திரிகள் மற்ற எதில் ஏமாற்றினாலும் இதை விட மாட்டார்கள். வேட்டி மட்டமாக இருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்வார்கள். சொந்த செட்டு முடித்த முதல் வீடு ஏம்பலத்தில். கழன்றுகொண்ட ஐந்து பேரும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். உலகநாதன் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். அப்போது தணிகைவேல் அவர் தோளில் கைபோட்டுச் சொன்னது இது: “வூட்டு ஆளுக்கு எதுக்குண்ணா வேட்டி? அதெல்லாம் வெளி ஆளுக்கு. நீ எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி.” இதில் கஞ்சத்தனம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மனசாரத்தான் சொன்னார். உலகநாதனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து புவனேஸ்வரியிடம் இரண்டு தடவை சொன்னார்: “என்னைய வூட்டு ஆளுன்ட்டாரு.”

ஏம்பலம் வீட்டை வாங்கியவர் பேங்கில் இருந்து ரிட்டையரான சுப்பராயலு. குடிவந்த மூன்றாம் நாள் அவர் போன் பண்ணி, “தம்பி, உங்க ஆளு இன்னும் போவலையே” என்றார். தணிகைவேல் போய்ப் பார்த்தார். உலகநாதன் கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே பூசிய ஹால் சுவரை மறுபடி பூசிக்கொண்டிருந்தார். கலவைச் சட்டி காலியாகவும் இல்லை, சுவர் தடிக்கவும் இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தணிகைவேல் ஜன்னல் ஓரமாக நின்று, அவருடைய முதுகைப் பார்த்தபடியே அவருக்குப் போன் போட்டார். “எங்கண்ணா இருக்கே?” “சுல்தான்பேட்டைலதான் தம்பி, வேற எங்க?” என்றது போன். இரண்டாவது வீடு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. தணிகைவேல் விஷயத்தைச் சொன்னார். “எனக்கும் அந்த வூட்டு வேல முடிஞ்சா மாதிரியே இல்ல தம்பி” என்றார் உலகநாதன். வில்லியனூர் மார்க்கெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரிகளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வேட்டி குடுக்கலையா, அப்ப ஆள் போவலை, அவ்ளோதான் என்றுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

இப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் அவர் தங்கினார், வீட்டுக்கு வருகிற உலகநாதனிடம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஏம்பலத்துக்குப் பிறகு சீட்டி அடிப்பது நின்றது. குளிக்கும்போது, மோட்டார் போடும்போது, எப்போதும் சீட்டி அடித்துக்கொண்டிருந்தவர். சீட்டி ஏம்பலம் வீட்டோடு தங்கிவிட்டது, சுப்பராயலு தினமும் கேட்கிறார். சுல்தான்பேட்டை வீடு அவருடைய சிரிப்பை வைத்துக்கொண்டது. கூடப்பாக்கம் வீட்டில் கோபம் போனது. புவனேஸ்வரிக்கு முதல் இரண்டு மாதம் அது நிம்மதியாகத்தான் இருந்தது, அப்புறம் கோபமே வராத ஆளோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் திண்டாடினார். நான்காவது வீட்டுக்குப் பிறகு உலகநாதன் உப்பில்லாத குழம்பையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். லாக்டவுன் வருஷத்தில், வடக்கத்தி ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்க் காண்ட்ராக்ட் வேலைகள் அப்படியே நின்றபோது, தணிகைவேலுடைய வேலை மட்டும் நிற்கவில்லை. சொந்த ஆள் வைத்ததன் அருமை இப்போது தெரிகிறதா என்று எல்லாரிடமும் சொன்னார். அந்த வருஷம் முடித்த வீட்டில் உலகநாதன் கனவு காண்பதை விட்டுவிட்டு வந்தார். குருவிநத்தத்தில் முடித்த ஏழாவது வீட்டுக்குப் பிறகு மகளைப் பாப்பா என்று மட்டும் கூப்பிட்டார். பேர் மறந்துவிட்டதா என்று கேட்கப் புவனேஸ்வரிக்குப் பயம். குருவிநத்தம் வீட்டுக்காரர்கள்தான் ஒரு நாள், உங்க வீட்டுக்காரர் அருளு அருளுன்னு சொல்லிக்கொண்டே பூசுகிறாரே, யார் அது என்று கேட்டார்கள்.

வாங்கினவர்கள் முதலில் பயந்ததும், திட்டியதும், பூசாரியைக் கூப்பிட்டதும் உண்மை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் எல்லாம் மாறியது. அந்த வீடுகளில் விரிசல் விடுவதில்லை, ஓதம் ஏறுவதில்லை. இருபத்துநான்கு கடைசியில் வந்த புயலில் இரண்டு தாலுகாவிலும் தண்ணீர் புகாத தெரு இல்லை. புதுசாகக் கட்டிய வீடுகளிலேயே பூச்சு அப்பளமாக உரிந்து விழுந்தது. உலகநாதன் இருந்த எட்டு வீடுகளில் மட்டும் சுவரில் ஒரு நீர்க்கோடு இல்லை. அந்தத் தை மாதத்தில் இருந்து தணிகைவேலிடம் வீடு கேட்டு வருகிறவர்கள், உள்ளே ஆள் இருக்கிற வீடாக வேண்டும் என்று கேட்டே வாங்கினார்கள். வியாபாரத்துக்கு எவ்வளவு பொருத்தமான விஷயம் பாருங்கள். ஒரு மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் தேய்த்து விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறது.

அதே தை மாதத்தில்தான் புவனேஸ்வரி தணிகைவேல் வீட்டுக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கட்டிக்கொண்ட புருஷன் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். எட்டு வேட்டி, எட்டு துண்டு, நீங்கள் வாங்கக்கூட வேண்டாம், நான் வாங்கித் தருகிறேன், உங்கள் கையால் கொடுத்து அனுப்பினால் போதும் என்று கேட்டார். தணிகைவேல் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, “அண்ணி, நான் குடுத்தா செல்லாதே. வூட்ட வித்துட்டேன். இப்ப யாரு வூட்டுக்காரங்களோ அவங்கதான் குடுக்கணும்” என்றார். அதுவும் சரிதான். இந்தக் கதையில் எல்லாரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

புவனேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனார். சுப்பராயலு, அடுத்த மழை போகட்டும்மா என்றார். கூடப்பாக்கத்தில் கேட்டையே திறக்கவில்லை. குருவிநத்தத்துக்காரர்கள், புயலில் வீடு நின்றதே இவரால்தானே என்றார்கள். சுல்தான்பேட்டை வீட்டை வாங்கியிருந்தவர் வில்லியனூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சா. அவர் மனைவி மெஹர் நிஷா மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. எட்டு வருஷமாகக் காலையில் ஒரு டம்ளர் டீயைச் சுவரோரம் வைத்து, சாயங்காலம் ஆறிப்போனதை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்த பெண் அவர். “அடுத்தவ புருஷன வீட்ல வச்சிக்கிட்டு எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு புவனா?” என்று சொல்லி, கணவரை மார்க்கெட்டுக்கு அனுப்பி நல்ல வேட்டியாக வாங்கிவரச் சொன்னார்.

அமீர் ஹம்சா தட்டை நீட்டியபோது அந்த வீட்டு உலகநாதன் முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். வாய்விட்டுச் சிரித்தார். வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் குழாயில் கரணையைக் கழுவி, சிரித்துக்கொண்டே படி இறங்கினார். புவனேஸ்வரி கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். “ஏங்க” என்றார். உலகநாதன் அவரைக் கடந்து போனார், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரோ ஒருவரைக் கடந்து போவது போல. வேட்டி வாங்கிய கொத்தனார் எங்கேயும் நிற்க மாட்டார், அதுதான் முறை. மெயின் ரோட்டில் விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அதன் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை. வீட்டுக்குத் திரும்பிய புவனேஸ்வரிக்கு, அவர் எப்படிச் சிரிப்பார் என்பது சாயங்காலத்துக்குள் மறந்துபோனது. அருள்மொழியைக் கேட்டார், அதற்கும் நினைவில்லை. கல்யாண சிடியைப் போட்டுப் பார்த்தார்கள். பந்தியில் யாரோ என்னவோ சொல்ல, மாப்பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறக்கிறார். அந்த இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. அம்மாவும் பெண்ணும் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தார்கள்.

விற்ற வீடுகளில் இருந்து அவரை எடுத்தால் அங்கே தங்கினது வீடு வந்து சேராது, எல்லாருடைய நினைவில் இருந்தும் சேர்ந்தே போய்விடும் என்பது அன்றைக்குப் புவனேஸ்வரிக்கு விளங்கியது. இனி இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். வேலை முடிகிற அன்றே வேட்டி கொடுத்துவிட்டால் எதுவும் தங்காது, முழு ஆளும் வெளியே வந்துவிடுவார். ஒன்பதாவது வீடு அரியூரில். வேட்டி கொடுப்பதாகத் தணிகைவேல் புவனேஸ்வரியிடம் சத்தியம் பண்ணியிருந்தார். வேட்டி துண்டு வாங்கித் தட்டில் வைத்தும் விட்டார். புவனேஸ்வரி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றார். உலகநாதன் கை கால் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து வீட்டை வாங்க இருந்த சென்னை டாக்டர் காரில் வந்து இறங்கினார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆள் உள்ளேயே இருப்பார்னு சொன்னாங்களே, இருப்பார்ல?” என்றார். தணிகைவேல் தட்டோடு நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவரும் தவித்தார் என்றுதான் சொல்கிறார்கள். தவித்து என்ன? “இருப்பாரு சார்” என்றார். பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்துத் தட்டை மூடினார். புவனேஸ்வரியிடம் வந்து குரலைத் தாழ்த்தி, “அடுத்த வூட்ல கண்டிப்பா அண்ணி, எங்கம்மா சத்தியமா” என்றார். அண்ணியாம். நீட்டிய கையோடு நின்றிருந்த உலகநாதன், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய், வேலை ஆட்கள் போகிற வேனில் ஏறினார்.

அன்று வழியெல்லாம் புவனேஸ்வரி அவரிடம் கெஞ்சினார். வேண்டாங்க, விட்டுருங்க, வெளியே நாள்கூலிக்குப் போங்க, நானும் சம்பாதிக்கிறேன் இல்ல. உலகநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “தம்பி தனியா இன்னா பண்ணும்?” என்றார். கோபப்படத் தெரிந்த உலகநாதனாக இருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பார், கோபம் கூடப்பாக்கத்தில் அல்லவா இருந்தது. யோசிக்கிற உலகநாதன் எந்த வீட்டில் இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அடுத்த நாளும் ஏழரை மணிக்கு வேலைக்குக் கிளம்பினார். பத்தாவது வீட்டிலும் சத்தியம் அடுத்த வீட்டுக்குத் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அவரிடம் மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு: காலையில் வேலைக்குப் போவது, சாயங்காலம் வீட்டுக்கு வருவது. எடையே இல்லை. காற்றடிக்கும் நாட்களில் புவனேஸ்வரி டிபன் பைக்குள் ஒரு செங்கல்லைப் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று.

பதினோராவது வீடு பாகூர் ஏரிக்கரைப் பக்கம். அங்கே வேலை முடிந்த அன்று தணிகைவேல் போனை அணைத்து வைத்திருந்தார். அடுத்த வீடு என்று பண்ணிய சத்தியம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் புவனேஸ்வரியின் போன் அடித்தது. உலகநாதன் வேலையை விட்டுக் கிளம்பும்போது எப்போதும் பண்ணுகிற போன்தான். “கெளம்பிட்டேன். எதுனா வாங்கியாரணுமா?” என்றார். அருளுக்கு பன்னு வாங்கியாங்க என்றார் புவனேஸ்வரி. அவர் வரவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு அதே போன், அதே கேள்வி. அவர் வரவில்லை. மூன்றாம் நாள் புவனேஸ்வரி கம்பெனி வேனைப் பாகூரில் நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். ஆறு அடித்ததும் உலகநாதன் கரணையைக் கீழே வைத்தார். கை கால் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தார். படியில் நின்றபடி போனைக் காதில் வைத்தார். அப்புறம் திரும்பிப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பூச ஆரம்பித்தார். வீட்டுக்கு வருகிற உலகநாதனை அந்த வீடு வைத்துக்கொண்டுவிட்டது. இனி வருவதற்கு வேறு ஆள் இல்லை.

தணிகைவேல் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். புவனேஸ்வரியின் வீட்டுத் தரையில் தணிகைவேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார், அதில் நடிப்பு இல்லை. “இனிமே காண்ட்ராக்ட்டுதான் அண்ணி. சொந்த ஆளு வச்சா மனசு கஷ்டமா பூடுது” என்றார். புவனேஸ்வரியின் இடத்தில் நானாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னவென்று கேட்காதீர்கள். இப்போது தணிகைவேல் வேலையைக் காண்ட்ராக்டுக்குத்தான் விடுகிறார். மேஸ்திரிகள் நினைத்தபோது வருகிறார்கள், டைல்ஸைக் காலியாக ஒட்டுகிறார்கள், வேட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். ஒரு வருஷத்தில் விரிசல் விடுகிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் சாயங்காலம் ஆள் வந்தாரா என்று பார்க்க வாசலுக்கு வருவதில்லை, வந்துவிடுவார் என்று தெரியும்.

பாகூர் வீட்டை வாங்கிய மணிபாரதி கம்ப்யூட்டர் வேலைக்காரர், வீட்டில் இருந்தே வேலை. நல்ல பையன். உள்ளே ஆள் இருக்கிற வீடு என்று அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். மட்டப்பலகையைச் சுவரில் தேய்க்கிற சத்தம் அவருடைய மீட்டிங்குகளில் எல்லாம் கேட்டது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்து, முறையைத் தெரிந்துகொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிற புவனேஸ்வரி வரட்டும் என்று காத்திருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “உங்களுக்காகத்தான்க்கா வெயிட் பண்றேன். இன்னிக்கு அனுப்பிடலாம்” என்றார்.

இந்த ஒரு தட்டுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய புவனேஸ்வரி, தட்டில் இருந்து வேட்டியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார். “வேணாம் சார்” என்றார்.

“ஏன்க்கா?”

“குடுத்தா பூடுவாரு. இவருதான் வூட்டுக்கு வர்ற மனுஷன். இவரு பூட்டாருன்னா, அவரு தெனம் வூட்டுக்கு வந்ததே எனக்கும் எம்பொண்ணுக்கும் நெனப்பு இருக்காது. ஏற்கெனவே ஒண்ணு அப்படித்தான் போச்சி.”

மணிபாரதி, சத்தம்தான் கஷ்டமாக இருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மெல்லத் தேய்க்கச் சொல்றேன் சார்” என்று புவனேஸ்வரி உள்ளே போனார். கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டு வந்தார். அது அவர் காதில் விழுந்ததா என்பது தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு சத்தம் கொஞ்சம் குறைவுதான் என்று மணிபாரதி சொல்கிறார். வேட்டியைப் புவனேஸ்வரியே லாஃப்டில், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், சட்டென்று யார் கைக்கும் எட்டாத இடத்தில் போட்டுவைத்தார். அதைத் தேட வேண்டாம் என்று மணிபாரதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது கம்பெனி வேன் தினமும் ஐந்தே முக்காலுக்கு அவரைப் பாகூரில் இறக்கிவிடுகிறது. ஆறு மணிக்கு உலகநாதன் கை கால் கழுவி, சட்டை போட்டு, டிபன் பையோடு படிக்கு வருகிறார். புவனேஸ்வரி படிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். இருவருக்கும் நடுவில் இரண்டடி இருக்கும். உலகநாதன் போனைக் காதில் வைக்கிறார், புவனேஸ்வரியின் பைக்குள் போன் அடிக்கிறது. உலகநாதனின் நம்பருக்கு ரீசார்ஜ் முடிந்து ஏழு மாதம் ஆகிறது.

“கெளம்பிட்டேன். எதுனா வாங்கியாரணுமா?”

“ஒண்ணும் வேணாம். பாத்து வாங்க.”

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். புவனேஸ்வரி ஆறு இருபது பஸ்ஸைப் பிடிக்கிறார். அதை விட்டால் செலியமேட்டுக்கு அடுத்த பஸ் ஏழரைக்குத்தான்.